நர்ஸம்மா வண்டியில் லாரிக்காரர்

லாரிக்காரருக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. அப்படியும் தன் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. நர்ஸ் என்று தெரியும். சுகாதார நிலையத்து நர்ஸ், தெருத் தெருவாகப் போகிறவள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். யாராவது விசாரித்தால், "ஊருக்கெல்லாம் ஊசி குத்துறா, வீட்டுக்கு வந்தா எனக்குப் பேச்சால குத்துறா" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாழ்க்கையில் பாதி சாலையிலேயே போய்விட்டது. சிமெண்டு, உரம், சில சமயம் கண்ணாடிப் பலகை என்று ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். வந்ததும் வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்தால், வீட்டுக் கூரையே இடிந்து விழுந்தாலும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவள், "ஆத்தோரத் தெருவுல வரிசையா மூணு வீட்டுல வயித்துப்போக்குங்க. குழாய்ல எங்கயோ சாக்கடை கலக்குதுன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பிப்பாள். அவர் தூக்கத்திலேயே "ம்" கொட்டுவார். அந்தக் குழாய் பிறகு என்ன ஆயிற்று, அந்த மூன்று வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்ததும் ஆசைப்பட்டு வந்ததல்ல. சலவைக்காரர் வீட்டில் பெண்களாகவே பிறந்த வரிசையில் நடுவில் வந்தவள். பயிற்சி விடுதியில் மூன்று வேளைச் சாப்பாடும் புதுச் செருப்பும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். உள்ளே போன பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர் மேல் ஆசை வந்தது. பச்சை உடை, பளபளக்கும் விளக்கு, எல்லாம் சுத்தம், எல்லாம் நிசப்தம். ஆனால் படித்து முடித்ததும் வந்த உத்தரவில் தெருப்பணி என்று இருந்தது. வெயிலில் நட, கதவைத் தட்டு, கிணற்றில் மருந்து போடு, கர்ப்பிணிகளைக் கணக்கெடு. அவள் நாள் கணக்கில் அழுதாளாம். அவளுடைய அக்காதான் தேற்றினாள், "செருப்புக்குத்தானே போனே? இப்ப தேயத் தேய நட" என்று.

லாரிக்காரருக்கு முட்டி வலி வந்ததும், முதலாளி லாரிகளை விற்றதும் அடுத்தடுத்து நடந்தன. கிளட்சு மிதித்த கால் சும்மா இருக்கப் பழகவில்லை. வீட்டில் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். ஏற்கெனவே எண்ணெய் போட்ட கீல்களுக்கும் போட்டார். அந்த நேரம் பார்த்துச் சுகாதார நிலையத்து வண்டியோட்டி குடலிறக்க ஆபரேஷனுக்காக நீண்ட விடுப்பில் போனார். அவள் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அவர் வர்ற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டுறீங்களா?"

"நான் உனக்கு டிரைவரா?"

"எனக்கு இல்லைங்க. ஐஸ் பெட்டிக்கு."

முதல் நாள் காலையில் அந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார். நீல நிறப் பெட்டி, தோளில் மாட்டும் வார். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உறைந்த ஐஸ் பைகளை மேசையில் பரப்பிவிட்டுச் சும்மா நின்றாள். அவருக்குப் பொறுக்கவில்லை. லாரியில் சரக்கு ஏற்றத் தாமதமானால் வரும் அதே எரிச்சல்.

"எடுத்து உள்ள போட வேண்டியதுதானே?"

அவள் ஒரு பையை எடுத்து அவர் காதருகே குலுக்கினாள். சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குலுக்கினாள். உள்ளே லேசாகத் தண்ணீர் அலம்பியது. "இப்பதான் வைக்கலாம். முழுசா உறைஞ்சதை வச்சா சில மருந்து தானும் உறைஞ்சு செத்துப் போயிடும். பாத்தா நல்லாத்தான் இருக்கும். போட்டா வேலை செய்யாது. சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. மாமியார் மாதிரி."

கண்ணாடிப் பலகையை ஒரு கீறல் இல்லாமல் ஏழு மலைத் திருப்பம் தாண்டிக் கொண்டுபோனவர் அவர். அதனால் அந்தப் பெட்டி மேல் அவருக்கு உடனே மரியாதை வந்தது. பெட்டிக்காரி மேல் வந்தது அதற்கடுத்துத்தான்.

வண்டியை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் நடை மாறியது. வீட்டில் முதுகு வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறவள், இங்கே கால் தரையில் பாவாத மாதிரி போனாள். மாடிக் கொடியைப் பார்த்தாள். "அந்த வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கு. போன தடவை இந்தத் துணி இல்ல." பழைய டயர் கடைக்காரரிடம் அவர் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே, கால் நுனியால் ஒரு டயரைச் சாய்த்து உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரைக் கொட்டினாள். கடைக்காரரும் பேச்சை விடாமல் அடுத்த டயரைச் சாய்த்தார். ஏதோ இரண்டு பேரும் பல வருஷமாகச் சேர்ந்து ஆடும் ஆட்டம் போல இருந்தது. ஒரு சந்தில் யாரோ இருமினார்கள். அவள் நின்றாள்.

"மாமா, இந்த இருமல் போன மாசமே கேட்டேனே. இன்னும் போகலையா?"

"வயசாச்சுல்ல நர்ஸம்மா."

"இருமலுக்கு வயசு தெரியுமா? இந்த டப்பாவை வச்சுக்கங்க. காலையில எழுந்ததும் வர்ற சளியை இதுல துப்பி வைங்க, நான் வந்து வாங்கிக்கறேன்."

"என் மருமக நான் கொடுக்குற காசையே வாங்க மாட்டேங்குறா. நீங்க சளியைக் கேட்டு வாங்குறீங்க" என்றார் அந்தப் பெரியவர்.

லாரிக்காரர் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தார். தூரத்தில் எழும் புழுதியைப் பார்த்தே எதிரில் வருவது பஸ்ஸா லாரியா என்று சொல்லக்கூடியவர் அவர். சாலையைப் படிக்கத் தெரிந்தவர். தன் மனைவி ஒரு தெருவை அப்படிப் படிக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் இத்தனை வருஷம் கிடந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் கூச்சமாகவும் இருந்தது.

எல்லாத் தெருவும் அவளை அப்படி வரவேற்கவில்லை. பாலம் தாண்டி, கல்குவாரியை ஒட்டி ஒரு குடியிருப்பு வரிசை இருந்தது. தகரக் கூரை, சின்னச் சின்ன வீடுகள். எல்லாவற்றின் மேலும் கல் தூள் படிந்து, மரத்து இலை முதல் மனிதர்களின் புருவம் வரை ஒரே சாம்பல் நிறம். கல் அரைக்கும் இயந்திரம் பகல் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அங்கே அவள் தலை தெரிந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அவளும் விடாமல் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று, "நல்லா இருக்கீங்களா? நர்ஸ் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். கடைசி வீட்டின் முன் கொஞ்சம் அதிக நேரம் நின்று மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

வண்டிக்குத் திரும்பியதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூஞ்சில அறைஞ்ச மாதிரி சாத்துறாங்க. உனக்கு ரோஷமே இல்லையா?"

"இருக்கு. அதை வீட்டுல வச்சுட்டு வந்திருக்கேன், உங்களுக்காக."

பிறகு காரணத்தைச் சொன்னாள். ஏழெட்டு வருஷங்களுக்கு முன் கடைசி வீட்டில் ஒரு கைக்குழந்தை. அவள்தான் தடுப்பூசி போட்டாள். மூன்றாம் நாள் குழந்தை இறந்துபோயிற்று. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வரிசையில் யாரும் நம்பவில்லை; அவள் மேல் கல் விழுந்தது. அன்றையிலிருந்து அங்கே எந்தக் குழந்தைக்கும் ஊசி இல்லை.

"அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. திங்கட்கிழமை ஊசி, புதன்கிழமை சாவு. நானா இருந்தாலும் ரெண்டையும் கோத்துத்தான் பாத்திருப்பேன்."

"அப்ப எதுக்கு மாசா மாசம் போய் நிக்கிற?"

"தட்டுற பழக்கம் விட்டுப் போச்சுன்னா, அவசரம்னு வர்ற அன்னைக்கு எந்த முகத்தோட போய்த் தட்டுறது?"

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்த வரிசையில் கல்லை இயந்திரம்தான் தேய்த்தது; கதவுகள் அப்படியே இருந்தன. லாரிக்காரருக்கு நம்பிக்கை இல்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில் வழக்கம் போலப் போய், வழக்கம் போலத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடு வீடு ஒன்றைக் கடக்கும்போது உள்ளே ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. லாரிக்காரர் காதில் அது சாதாரணமாகத்தான் விழுந்தது. அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு குரல். அவள் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் அந்தக் குழந்தையின் அப்பா. குவாரியில் பாறையில் துளை போடும் வேலை, தோள் இரண்டும் பாறை மாதிரியே. "ஜுரம்தான். கடையில மாத்திரை வாங்கிக் கொடுத்தாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனார்.

"அண்ணே, ஊசிப் பெட்டி அங்க அவர் தோள்ல இருக்கு, பாருங்க. என் கை வெறுங்கை. பிள்ளையை வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

ஏனோ அவர் விலகி நின்றார். ஆறேழு வயதுச் சிறுமி பாயில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வீங்கித் தாடையோடு ஒன்றாகியிருந்தது. நர்ஸ் குழந்தைக்கு எதிரில் குந்தினாள். "கண்ணு, சிங்கம் எப்படி வாயைத் தொறக்கும்? எனக்குக் காட்டு." சிறுமி திறந்தாள். டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. ஒரு கெட்ட வாடை வந்தது. தொண்டையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில், ஈரத் தோல் ஒட்டிக்கிடப்பது போல ஒரு படலம். அவள் அதைத் தொடவில்லை. "அடேங்கப்பா, பெரிய சிங்கம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அணைத்த டார்ச்சை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்ததை லாரிக்காரர் பார்த்தார். மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று அவள் கை அப்படி இருந்தது.

"ஏங்க, வண்டியைத் திருப்பி நிறுத்துங்க" என்றாள் அவரிடம். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அண்ணே, இது சாதாரணத் தொண்டை வலி இல்ல. தொண்டை அடைப்பான். அந்தப் படலம் வளர்ந்தா மூச்சை மூடிடும். அதோட விஷம் இதயத்துக்கும் போகும். இதுக்கு முறிவு மருந்து இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியிலதான் கொடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்குறோமோ அவ்வளவு நல்லது. இப்பவே போகணும்."

"ஊசியா?"

"ஆமாண்ணே. பொய் சொல்ல மாட்டேன். ஊசிதான்."

"ஊசி போட்ட புள்ளையை நாங்க தூக்கிட்டுப் போய்ப் புதைச்சோம்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட லாரிக்காரருக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. அதற்குள் வேலை விட்டு வந்தவர்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். இதே வரிசையில்தான் முன்பு அவள் மேல் கல் விழுந்தது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கல்லுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. அவர் பெட்டியை முன்னால் இழுத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் வாதாடவில்லை. "நீங்க பயப்படுறது நியாயம்" என்றாள். "நானும் பயப்படுறேன். இந்தப் பிள்ளைக்கு நேரம் இல்ல, அதுக்காக."

அப்போது கூட்டம் விலகியது. கடைசி வீட்டுக்காரி வந்தாள். அத்தனை மாதம் போயும் லாரிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தது அன்றுதான். அவள் யாரையும் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். சிறுமியின் மூச்சு இழுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தாள்.

"எம் புள்ளை போன பிறகு," என்றாள், துளைக்காரரைப் பார்த்து, "இந்த வரிசையில யாரும் அவன் பேரைச் சொல்றதில்ல. எனக்கு வலிக்கும்னு. இந்தம்மா மட்டும் மாசா மாசம் என் கதவுக்கு வெளிய நின்னு, 'இன்னைக்கு இருந்தா அவனுக்கு இத்தனை மாசம், இத்தனை வயசு'ன்னு சொல்லிட்டுப் போகும். நான் உள்ள உக்காந்து கேப்பேன். ஒரு மாசம்கூடத் தப்பா சொன்னதில்ல. ஏமாத்த வர்றவ எவளும் இப்படி வர மாட்டா."

துளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிறுமியை இரண்டு கையாலும் வாரி எடுத்து வண்டியை நோக்கி நடந்தாள். கல் அரைக்கும் கொட்டகையிலிருந்து சிறுமியின் அம்மா, தலையெல்லாம் தூளாக, ஓடி வந்து ஏறிக்கொண்டாள். துளைக்காரரும் கடைசி வீட்டுக்காரியும் ஏறினார்கள்.

"படுக்க வைக்காதீங்க. நிமிர்ந்தே உக்காரட்டும். அழ விடாதீங்க, அழுதா மூச்சு இன்னும் அடைக்கும்" என்றாள் நர்ஸ். பிறகு கணவர் தோளில் கை வைத்தாள். "ஏங்க. கண்ணாடிப் பலகை."

அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்று ஓட்டியது போல அவர் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. வேகமும் வேண்டும், குலுங்கவும் கூடாது. பாலத்துப் பள்ளத்தைச் சக்கரம் தடவிக்கொண்டு இறங்கியது. பின்னால் அவள் போனில் பேசுவது கேட்டது. "டாக்டர், தொண்டை அடைப்பான்னுதான் நினைக்கிறேன். சாம்பல் படலம், ரெண்டு பக்கமும். கழுத்து வீக்கம் இருக்கு. தடுப்பூசி போடாத பிள்ளை. முறிவு மருந்து உங்ககிட்ட இருக்கா, கிடங்குல இருந்து வரணுமா? சரி. தனி அறை வேணும். மூச்சுக்கு வழி பண்றவங்க தயாரா இருக்கட்டும்." பேசி முடித்த கையோடு சிங்கக் கதை ஒன்று ஆரம்பித்தாள். தொண்டையில் முள் மாட்டிய சிங்கம். கதையில் சிங்கம் படாத பாடு பட்டது. சிறுமி அழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை டாக்டர் முகமூடியோடு நின்றிருந்தார். இளம் பெண். கிடங்குக்கு ஆள் அனுப்பி மருந்தை வரவழைத்து வைத்திருந்தார். தொண்டையை ஒரே ஒரு முறை பார்த்தார். "நீங்க சொன்னதுதான் சிஸ்டர். பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறதில்ல, இப்பவே ஆரம்பிக்கிறோம்" என்றார். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் துளைக்காரர், சிறுமியின் அம்மா, கடைசி வீட்டுக்காரி மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருட்டும் முன் டாக்டர் வெளியே வந்து, மருந்து ஏறிவிட்டது, மூச்சு தாங்குகிறது, இனி இதயத்தை வாரக்கணக்கில் கவனிக்க வேண்டும் என்றார். "நாளைக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, பெற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

லாரிக்காரர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த மனைவியிடம், "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"போலாம். முதல்ல இந்த மாத்திரையைப் போடுங்க, தொத்தாம இருக்க. நீங்களும் பக்கத்துல நின்னீங்க. நாளையிலேருந்துதான் வேலை."

அவர் அதுவரை பார்த்தது ஒரு குழந்தையை. அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் குழந்தை மூச்சு விட்ட எல்லா இடமும் விரிந்து கிடந்தது. யாரோடு தூங்கினாள், யாருடைய டம்ளரில் குடித்தாள், பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், போன வாரம் எங்கே போனாள். அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக் கேட்டு, குன்றுக்கு அந்தப் பக்கம் உள்ள இன்னொரு குவாரியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள் என்பதைக் கண்டுபிடித்தாள். அந்தப் பகுதி நர்ஸுக்கு உடனே போன் போனது. அந்த நர்ஸ் போய்ப் பார்த்தபோது சித்தியின் மகனுக்கு லேசான தொண்டை வலி. படலம் அப்போதுதான் ஒரு மூலையில் தொடங்கியிருந்தது. நேரத்தோடு மருந்து கிடைத்ததால், அந்தப் பையன் தப்பித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் குழந்தை டாக்டரும் வரிசைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும், "நீங்க முன்னால போங்க சிஸ்டர், உங்க பின்னால நான் வர்றேன்" என்றார். வீடு வீடாகத் தொண்டை பார்த்தார்கள், பஞ்சுக் குச்சியில் சளி எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். குவாரி மேற்பார்வையாளர் இயந்திரத்தை நிறுத்த முடியாது என்றார். "நிறுத்த வேணாம் சார். முதல்ல நீங்க வாயைத் தொறங்க" என்றாள் அவள். அவர் திறந்தார். நன்றாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க ஆளுங்களுக்கும் இல்லைன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்ல" என்றாள். இயந்திரம் நின்றது. அந்த வரிசையில் பகலில் பறவைச் சத்தம் கேட்டதே அன்றுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

மாத்திரையை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். தடுப்பூசி என்றதும் பின்வாங்கினார்கள். அம்மாக்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்காரி தன் இரண்டாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படி ஒரு குழந்தை இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது.

நர்ஸ் அவசரப்படவில்லை. குழந்தையின் மார்பில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் வைத்துக் கேட்ட பிறகு, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் ஜுரம் வரலாம். தொடை கொஞ்சம் வீங்கும். அழுவான். அது மருந்து வேலை செய்யுறது. வேற எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க."

"போன் வேணாம். நீங்க இங்கயே இருங்க."

"இருக்கேன்."

இருந்தாள். மற்ற வேலைகளை டாக்டரும் உதவி நர்ஸும் பார்த்துக்கொண்டார்கள். அவள் அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தைக்கு ஜுரம் ஏறுவதையும் இறங்குவதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை முழுக்க அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்து அவள் கிளம்பும்போது குழந்தை அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க முயன்றது. மறுநாள் அவள் போனபோது அது தெருவில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. அதற்கடுத்த நாளும் ஓடியது. அப்புறம் வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு கூட்டமே. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்காரர் வண்டிக்கும் வரிசைக்குமாக நடந்து நடந்து முட்டி வலியையே மறந்தார். துளைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். அவர் தொண்டையிலும் கிருமி இருந்ததாகச் சோதனையில் தெரிந்து மருந்து கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஒரு இருமல்கூட இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டபோது லாரிக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நோயே இல்லாத மனிதன் மேல் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது. அதற்கு முன்னால் ஓடிப் போய் வழியை மறிக்கிறாள் தன் மனைவி, தேய்ந்த செருப்போடு.

வாரங்கள் போயின. வேறு யாருக்கும் வரவில்லை. வரிசையில் இல்லை, பள்ளியில் இல்லை, பாலத்துக்கு இந்தப் பக்கமும் இல்லை. ஒரு நாள் மதியம் பள்ளி மைதானத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். லாரிக்காரர் ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி அவர்களையே பார்த்தார்.

"இதுல யாரும்மா?" என்றார்.

"யாருன்னா?"

"நீ அன்னைக்கு அந்தக் குரலைக் கேட்டு நிக்காம இருந்தா, இதுல யார் யார் இருந்திருக்க மாட்டாங்க?"

அவளும் மைதானத்தைப் பார்த்தாள். "தெரியாதுங்க. தெரிஞ்சுக்கவும் வழி இல்ல. அவங்களுக்கும் தெரியாது, அவங்களைப் பெத்தவங்களுக்கும் தெரியாது."

ஒரு விபத்தைத் தவிர்த்தால்கூட லாரிக்காரன் அதை ஊரெல்லாம் சொல்வான், எதிரில் வந்தவன் கை எடுத்துக் கும்பிடுவான். இவள் தினமும் எத்தனை பேர் உயிருக்கு முன்னால் நிற்கிறாள், ஒருவருக்கும் தெரியாமல். ஆற்றோரத் தெருக் குழாய் நினைவுக்கு வந்தது. "அந்தக் குழாய் என்ன ஆச்சு?" என்று கேட்டார். எந்தக் குழாய் என்று அவளுக்கு ஞாபகம் வரவே நேரமாயிற்று. அது பல வருஷத்துக் கதை. பிறகு சொன்னாள், ஆதியோடந்தமாக. அவர் இந்த முறை தூங்காமல் கேட்டார்.

பழைய வண்டியோட்டி தேறி வந்ததும் லாரிக்காரர் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது பாலத்துப் பள்ளத்தைப் பற்றியும் ஐஸ் பையைக் காதருகே வைத்துக் குலுக்குவதைப் பற்றியும் பாடம் நடத்தினார். வண்டியோட்டி அதைப் பல வருஷமாக ஓட்டியவர் என்பதால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

சிறுமிக்குத்தான் முழுசாகக் குணமாக நாளாயிற்று. இதயம் தப்பியது. ஆனால் விஷம் தொண்டை நரம்பைத் தொட்டிருந்தது. பேச்செல்லாம் மூக்கால் வந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பியது. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னதை நம்பிக் காத்திருந்தார்கள். நோய் வந்து போனதே இனி வராமல் காக்கும் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லி, அவளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். அந்த முறை துளைக்காரர்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டவரும் அவர்தான்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனார்கள். வேலையாக அல்ல, கூப்பிட்டார்கள் என்று. கடைசி வீட்டுக்காரியும் வந்திருந்தாள். சிறுமி நடு அறையில் நின்று, "மாமா, பாருங்க" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. டம்ளர் நிறையத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். ஒரு சொட்டு மூக்கில் வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். ஒரு குழந்தை தண்ணீர் குடிப்பது இவ்வளவு பெரிய காரியமா என்று லாரிக்காரர் நினைத்தார். எத்தனை சின்னச் சின்ன வாசல்கள் திறந்து மூட வேண்டும் அந்த ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே இறங்க. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் மனைவியும் அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் அறை மூலையில் குனிந்து நின்றிருந்தாள்.

"இந்தக் குடத்துக்கு மூடி எங்க?" என்றாள்.